மனநல அவசர சிகிச்சையில் தொற்றுநோய்ப் பரிசோதனைகள்: வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாலு நாளாகத் தூக்கமில்லாமல் கத்திக்கொண்டிருந்தவரை ஒருவழியாக 108இல் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தாயிற்று. ஊசி போட்டு அவர் கண் அயர்ந்ததும் கூட வந்தவர் கைக்கு ஒரு சீட்டு வருகிறது: ரத்தம், எக்ஸ்ரே, சளி. சில சமயம் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் (கல்லீரலைத் தாக்கும் தொற்று), வி.டி.ஆர்.எல். என்றும் எழுதியிருக்கும். ‘மனசு சரியில்லை என்று வந்தால் இதெல்லாம் எதற்கு?’ என்று அப்போது கேட்பவர்களுக்காக எழுதியது இது. இதில் சொல்லியிருப்பவை இந்தியச் சட்டமும் தமிழ்நாட்டு நடைமுறையும்.

மனநோய்க்கு வந்தவருக்குத் தொற்றுநோய்ப் பரிசோதனை எதற்கு?

இரண்டு காரணங்கள். முதலாவது, மனநோய் போலத் தெரிவது உண்மையில் ஒரு தொற்றாக இருக்கலாம். மூளைக்காய்ச்சல் வந்தவரும் சம்பந்தமில்லாமல் பேசுவார், அடிக்க வருவார், இல்லாத ஆளைப் பார்த்துப் பயப்படுவார். இரண்டாவது, மனநோய் இருப்பது உண்மைதான், கூடவே யாரும் கவனிக்காத ஒரு தொற்றும் இருக்கிறது. இரண்டு மாதமாக இருமுகிறவர் அதைச் சொல்லாமலே இருந்திருப்பார். சொல்லியிருந்தாலும் ‘அது கிடக்கட்டும், முதலில் இதைப் பார்ப்போம்’ என்று வீட்டிலேயே ஒதுக்கியிருப்பார்கள். மருத்துவமனையிலும் இது நடக்கிறது. ‘பழைய சைக்கியாட்ரி கேஸ்’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் அவருடைய வயிற்றுவலியைக்கூட நம்ப ஆள் குறைவு.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. முதல் வகைக்கு மணிக்கணக்கில் அவசரம். இரண்டாவது வகையில் பெரும்பாலானவற்றுக்குச் சில நாட்கள் பொறுக்கலாம். அவர் தெளிந்து உட்கார்ந்ததும் அவரையே கேட்டுச் செய்யலாம். சீட்டில் உள்ள எந்தப் பரிசோதனையைக் காட்டியும் ‘டாக்டர், இது இன்றைக்கே தெரிய வேண்டியதா, அவர் தெளிந்ததும் பார்த்துக்கொள்ளலாமா?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதே கேள்வி கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

காய்ச்சலால் ஒருவருக்கு இப்படிப் புத்தி தடுமாறுமா? வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

தடுமாறும். இந்த நிலைக்கு மருத்துவர்கள் ‘டெலிரியம்’ என்பார்கள். ஓரிரு நாளில் திடீரென்று வந்திருக்கும். காலையில் ஓரளவு சரியாக இருப்பார், இருட்டியதும் மோசமாகிவிடுவார். எந்த ஊர், என்ன கிழமை என்பது பிடிபடாது. சுவரில் பூச்சி ஊர்கிறது, கட்டிலுக்கடியில் பாம்பு இருக்கிறது என்பார். கண்ணுக்கு ஏதேதோ தெரிவது டெலிரியத்தில் அதிகம். ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) போன்ற நோய்களில் காதில் குரல் கேட்பதுதான் அதிகம். நாற்பது ஐம்பது வயதுவரை எந்த மனநலப் பிரச்சினையும் இல்லாதவருக்கு முதன்முறையாக இப்படி வந்தால் உடம்பில் காரணம் இருக்கிறதா என்று தேடித்தான் ஆக வேண்டும்.

நம் ஊரில் நினைவில் வைக்க வேண்டிய சில நோய்கள் உண்டு. ஹெர்ப்பிஸ் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல் முதல் சில நாட்கள் வெறும் நடத்தை மாற்றமாகவே தெரியலாம். அசைக்ளோவிர் மருந்தைத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் மூளைக்கு இழப்பு. காசநோய் மூளை உறையைப் பாதித்தால் வாரக்கணக்கில் தலைவலி, எரிச்சல், மந்தம் என்று இழுத்துக்கொண்டே போகும். டைஃபாய்டு முற்றியவர் முணுமுணுவென்று பேசிக்கொண்டே போர்வையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ். தமிழ்நாட்டில், குறிப்பாக மழையும் குளிரும் சேர்ந்த மாதங்களில், இது நிறைய வருகிறது. இதைப் பரப்பும் பூச்சி கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்புத் துணி கட்டும் இடம் என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். முரண்டு பிடிக்கிறவரின் சட்டையைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. பார்த்தால் பிடிபட்டுவிடும், டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகிவிடும். பார்க்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. குளிப்பாட்டும்போதோ உடை மாற்றும்போதோ நீங்கள் அப்படி ஒன்றைக் கண்டிருந்தால் கேட்காமலே சொல்லுங்கள்.

நாய்க்கடியும் அப்படித்தான். வெறிநாய்க்கடி நோய் சிலருக்கு வெறும் பதற்றமாகவும் ஆவேசமாகவும்தான் தொடங்கும். கடித்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கலாம், சமயத்தில் அதைவிடவும் அதிகம். குட்டிநாய்தானே, லேசான கீறல்தானே என்று மறந்திருப்பீர்கள். தண்ணீரைக் கண்டாலோ காற்று பட்டாலோ தொண்டை இழுத்துக்கொள்கிறதா என்று மருத்துவர் பார்ப்பது இதற்காகத்தான்.

முதல் ஒரு மணி நேரத்தில் என்னென்ன பார்ப்பார்கள்?

காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்ஸிஜன் அளவு. விரலில் குத்திச் சுகர். அப்புறம் ரத்த அணுக்கள், சோடியம் போன்ற உப்புகள், சிறுநீரகம், கல்லீரல். வயதானவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை. சாதாரண நீர்ச்சுருக்குத் தொற்றே எழுபது வயதுக்காரரைத் தலைகீழாக்கிவிடும். காய்ச்சல் இருந்தால் மலேரியா, டெங்கு. கழுத்து விறைப்பாக இருந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ ஸ்கேன் எடுத்துவிட்டு முதுகுத்தண்டிலிருந்து கொஞ்சம் நீர் எடுப்பார்கள். முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விடும் என்று பயந்து பல குடும்பங்கள் மறுத்துவிடுகின்றன. அந்த ஊசி தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் போகிறது. சில நாள் தலைவலி வரலாம். மூளைக்காய்ச்சலைக் கண்டுபிடிக்க அதைவிட நம்பகமான வழி கிடையாது.

இதற்கெல்லாம் அவருடைய சம்மதம் வேண்டாமா? கையைப் பிடித்துக்கொண்டல்லவா ரத்தம் எடுத்தார்கள்?

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 (நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதத்தில்) அவசர சிகிச்சைக்குத் தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறது. 94ஆம் பிரிவு. உயிருக்கோ உடம்புக்கோ மீளாத கேடு வரும் என்றாலோ, தனக்கோ பிறருக்கோ பெரிய தீங்கு செய்துகொள்வார் என்றாலோ, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம்வரை அவசர சிகிச்சை தரலாம். நியமனப் பிரதிநிதி (நோயாளிக்காகப் பேசச் சட்டம் ஏற்கும் ஆள், யார் என்பது கீழே) பக்கத்தில் இருந்தால் அவருடைய சம்மதம் வாங்க வேண்டும். சுகர், சோடியம், மலேரியா, முதுகுத்தண்டு நீர் எல்லாம் இந்த அவசரத்துக்குள் அடங்கும். அவற்றின் முடிவு தெரிந்தால்தான் அன்றைய சிகிச்சையே தீர்மானமாகும்.

இந்தப் பிரிவு எல்லாவற்றுக்கும் திறந்த கதவு அல்ல. அன்றைய ஆபத்தைத் தடுக்க எது தேவையோ அதற்கு மட்டும்தான்.

அப்படியானால் எச்.ஐ.வி. பரிசோதனையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாமே? இன்னொரு முறை குத்த வேண்டாமே?

இதைத்தான் பலரும் நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள். சில இடங்களில் கேட்காமலே செய்தும் விடுகிறார்கள். கூடாது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, அந்த நபரோ அவருடைய பிரதிநிதியோ விவரம் அறிந்து சம்மதிக்காமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது என்கிறது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும். நீதிமன்ற உத்தரவு, ரத்த வங்கியின் சோதனை, பெயர் இல்லாமல் நடக்கும் கணக்கெடுப்பு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ‘மனநோயாளி’ என்பது அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. சுகருக்கு எடுத்த ரத்தம் மிச்சம் இருக்கிறது என்பதும் சம்மதம் ஆகாது.

ஒரு நிலையில் மட்டும் விஷயம் மாறும். சில மாதங்களில் பத்து கிலோ இளைத்திருக்கிறார், வாய்க்குள் வெள்ளைப் படலம், தலைவலி, இப்போது குழப்பம் என்று வந்தால் மருத்துவர் மூளையில் கிரிப்டோகாக்கஸ், டாக்ஸோபிளாஸ்மா போன்ற தொற்றுகளைச் சந்தேகிப்பார். அப்போது எச்.ஐ.வி. இருக்கிறதா என்பது அன்றைக்கே தெரிந்தாக வேண்டும். நோயாளியால் புரிந்துகொண்டு முடிவெடுக்க முடியவில்லை என்றால் பிரதிநிதியிடம் காரணத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்பார்கள். அந்தக் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். மற்றபடி ‘இங்கே எல்லாருக்கும் எடுப்பது வழக்கம்’ என்பது காரணமே அல்ல.

நியமனப் பிரதிநிதி என்றால் யார்? நாங்கள் யாரையும் நியமிக்கவில்லையே?

நோயாளி தெளிவாக இருந்த காலத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு யாரையாவது நியமித்திருந்தால் அவர்தான். இல்லையென்றால் சட்டம் ஒரு வரிசை தருகிறது: முன்கூட்டிய உத்தரவில் (தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும் என்று நோயாளி முன்பே எழுதிவைத்தது) பெயர் குறிக்கப்பட்டவர், இல்லாவிட்டால் உறவினர், அதுவும் இல்லாவிட்டால் பராமரிப்பாளர் என்று போகும். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று ஆறு பேர் சேர்ந்து வந்திருந்தாலும் பேசவும் கையெழுத்துப் போடவும் ஒருவரை முடிவு செய்துகொள்ளுங்கள். ஆளுக்கொன்று சொன்னால் இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் என்ன செய்வார்?

முக்கியமான இன்னொன்று: முடிவெடுக்கும் திறன் என்பது ஒருமுறை போனால் போனதுதான் என்று இல்லை. சனிக்கிழமை இரவு சொல்லத் தெரியாதவர் செவ்வாய்க்கிழமை காலை காபி குடித்துக்கொண்டே ‘எடுங்க சார், தெரிஞ்சுக்கலாம்’ என்று சொல்லலாம். காத்திருக்கக்கூடிய பரிசோதனைக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் அண்ணன் கையெழுத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பிறகு சொன்னால், ஏற்கனவே ‘எனக்கு எதிராக எல்லாரும் சேர்ந்து சதி செய்கிறார்கள்’ என்று நம்புகிறவரிடம் அதற்கு ஆதாரத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

எங்கள் தம்பி குடி, கெட்ட சகவாசம் எதுவும் இல்லாதவன். அவனிடம் போய் இதையெல்லாம் கேட்பது அவமானம் இல்லையா?

கேட்பதில் அவமானம் இல்லை. சந்தேகத்தோடு கேட்டால்தான் அவமானம். ஹெபடைடிஸ் பி நம் நாட்டில் பலருக்குப் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்தது. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, பச்சை குத்தும் ஊசி, ஒரே சவரக் கத்தி போன்றவற்றாலும் வரும். ஒழுக்கத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

ஆனால் தீவிர மனநோய் உள்ளவர்களிடம் இந்தத் தொற்றுகள் பொது மக்களைவிட அதிகம் என்பதும் உண்மை. அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் நடந்து 2001இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தீவிர மனநோயுள்ளோரில் 3.1 சதவீதத்தினருக்கு எச்.ஐ.வி. இருந்தது, ஹெபடைடிஸ் சி ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. அங்கே ஊசி வழிப் போதைப் பழக்கம் அதிகம், அந்த எண்ணிக்கையை அப்படியே இங்கே பொருத்த முடியாது. பொருந்துவது காரணங்கள்தான்: நோய் முற்றிய நேரத்தில் வீட்டைவிட்டுப் போவது, தெருவில் தூங்குவது, மேனியா (அளவுமீறிய உற்சாகம்) ஏறிய நாட்களில் கட்டுப்பாடில்லாமல் நடந்துகொள்வது. எல்லாவற்றையும்விட மற்றவர்கள் அவர்களைப் பலவந்தப்படுத்துவது. மனநலம் குன்றிய பெண்களுக்கு நேரும் பாலியல் வன்முறை வெளியே வருவதே குறைவு. இந்தக் கேள்விகளை மருத்துவரோ ஆலோசகரோ தனியாகக் கேட்க இடம் கொடுங்கள். அப்பா பக்கத்தில் நின்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வி.டி.ஆர்.எல். என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

சிஃபிலிஸ், அதாவது மேகநோய், இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. மனநல மருத்துவத்தோடு மிகப் பழைய உறவுள்ள பரிசோதனையும் இதுதான். நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய மனநலக் காப்பகங்களில் அடைபட்டிருந்தவர்களில் கணிசமான பங்கினருக்கு இருந்தது மூளையைத் தாக்கிய சிஃபிலிஸ். தான் பெரிய ராஜா, கோடீஸ்வரன் என்று பிதற்றத் தொடங்கி, நாக்குக் குழறி, சில ஆண்டுகளில் இறந்துபோவார்கள். 1913இல் நொகுச்சி, மூர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அப்படி இறந்தவர்களின் மூளையில் அந்தக் கிருமியையே காட்டினார்கள். ‘பைத்தியம்’ என்று அதுவரை சொல்லப்பட்டதில் கணிசமான பகுதி கிருமியால் வந்தது என்பது அப்போது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்தது. வியன்னாவின் மனநல மருத்துவர் வாக்னர்-யாவ்ரெக் இந்த நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை வரவழைத்து, அந்தக் காய்ச்சலால் சிஃபிலிஸைக் கட்டுப்படுத்திப் பார்த்தார். அதற்கு 1927இல் நோபல் பரிசும் கிடைத்தது. கேட்டால் இன்று உடம்பு நடுங்குகிறது. பிறகு பெனிசிலின் வந்தது, அந்தச் சிகிச்சைக்கு வேலை இல்லாமல் போனது.

இன்றும் பெனிசிலின்தான் மருந்து. இப்போது இந்த வகை அபூர்வம், ஆனாலும் நடுவயதில் ஆளே மாறிப்போய் மறதியும் சேர்ந்தால் பார்ப்பது நல்லது. ஒன்று கவனியுங்கள்: வி.டி.ஆர்.எல். மட்டும் ரியாக்டிவ் என்று வந்தால் நோய் உறுதி ஆகாது. கர்ப்பம், மலேரியா, சில மூட்டு நோய்கள் எல்லாம் பொய்யாக அதைக் காட்டும். டி.பி.எச்.ஏ. போன்ற இன்னொரு சோதனையும் செய்த பிறகே பேச வேண்டும். அதற்குள் மருமகளைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

காசநோய்க்குச் சளி கொடுக்கச் சொல்கிறார்கள். அவர் சொன்னால் கேட்கிற நிலையில் இல்லையே?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இவற்றில் ஏதாவது இருந்தால் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் தேவை. பட்டியலில் இருக்கும் மற்றவற்றுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு: காசநோய் காற்றில் பரவும். மனநல வார்டுகளில் கட்டில்கள் நெருக்கம், சன்னல்கள் பாதி அடைப்பு, நோயாளிகள் வாரக்கணக்கில் தங்குவார்கள். அதனால் வார்டுக்குள் அனுப்பும் முன்பே இருமலைப் பற்றிக் கேட்டுவிடுவது மற்ற நோயாளிகளுக்குச் செய்யும் நியாயம்.

சளி வராவிட்டால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். மயக்க ஊசியின் வேகம் குறைந்த மறுநாள் காலை, எழுந்ததும், வாய் கொப்பளித்துவிட்டு ஆழமாக இருமச் சொல்லி எடுப்பதுதான் நல்ல சளி, எச்சில் போதாது. ஜீன் எக்ஸ்பர்ட், ட்ரூநாட் என்ற கருவிகள் சில மணி நேரத்திலேயே முடிவு சொல்லும், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து கேட்குமா என்பதையும் சேர்த்தே சொல்லும். காசநோய் உறுதியானால் சரியான மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் பெரும்பாலோரிடமிருந்து பரவுவது நின்றுவிடும். அதுவரை காற்றோட்டமான தனி இடமும் முகக்கவசமும் போதும். தட்டு, டம்ளர், துணி எதையும் எரிக்க வேண்டாம்.

ஏதாவது ஒன்று பாசிட்டிவ் என்று வந்தால் மனநல மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்குமா?

நிறுத்த வேண்டாம், மாற்ற வேண்டியிருக்கலாம். இந்தப் பரிசோதனைகளின் பெரிய பயனே இங்கேதான் இருக்கிறது, பலரும் இதைச் சொல்வதில்லை.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், ஹாலோபெரிடால், குவெட்டியாபைன், க்ளோசபைன் போன்ற பல மனநல மருந்துகளை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் நோய் திரும்புகிறதே என்று வீட்டார் குழம்புவார்கள். இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியாசிட், வலிப்புக்கும் மனநிலைக்கும் தரும் கார்பமசெபைனின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். நடை தள்ளாடும், கண் இரண்டிரண்டாகத் தெரியும். ஐசோனியாசிட்டே சிலருக்கு மனக்குழப்பத்தை உண்டாக்கும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரினில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். எச்.ஐ.வி.க்கு இப்போது தரும் டோலுடெக்ராவிரைக் கார்பமசெபைன் குறைத்துவிடும். அளவைக் கூட்ட வேண்டும், அல்லது வேறு மருந்துக்கு மாற வேண்டும். முன்பு பரவலாக இருந்த எஃபாவிரென்ஸ் பயங்கரக் கனவுகளும் மனச்சோர்வும் தரும். நாள்பட்ட ஹெபடைடிஸ் உள்ளவருக்கு மனநிலையைச் சீராக்கும் வால்ப்ரோயேட் தரும் முன் கல்லீரலைப் பார்த்தாக வேண்டும்.

ஆகவே காசநோய் மருத்துவர், ஏ.ஆர்.டி. மையத்து (எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் இடம்) மருத்துவர், மனநல மருத்துவர் மூவருக்கும் மற்ற இருவர் எழுதிய மருந்துகள் தெரிய வேண்டும். மூன்று சீட்டையும் ஒரே உறையில் வைத்து ஒவ்வொருவரிடமும் காட்டுங்கள். ஒரு தற்செயல் வரலாறும் உண்டு: 1950களின் தொடக்கத்தில் நியூயார்க் காசநோய் மருத்துவமனை ஒன்றில் இப்ரோனியாசிட் என்ற மருந்து வாங்கியவர்கள் காரணமில்லாமல் உற்சாகமாகிவிட்டார்கள். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்று அப்படித்தான் கிடைத்தது.

ஹெபடைடிஸ் சி வந்தால் மனநோயாளிக்கு மருந்து தரமாட்டார்கள் என்கிறார்களே?

அது பழைய கதை. முன்பு இன்டர்ஃபெரான் ஊசிதான் மருந்து. அது நல்லா இருக்கிறவருக்கே கடும் மனச்சோர்வைக் கொண்டுவரும், எனவே மனநோய் உள்ளவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரைதான், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்வரை குணமாகிறார்கள். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்து இலவசம். மனநோயைக் காரணம் காட்டி மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். மனநல மாத்திரைகளைக் காட்டி ஒத்துப்போகுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எச்.ஐ.வி. ஒரே ஒரு சோதனையில் பாசிட்டிவ் என்றார்கள். நம்பலாமா?

ஒரு கிட்டில் ரியாக்டிவ் என்று வந்ததை வைத்து யாரும் ‘பாசிட்டிவ்’ என்று சொல்லக் கூடாது. மூன்று வெவ்வேறு வகைக் கிட்களிலும் உறுதியான பிறகே சொல்ல வேண்டும் என்பது தேசிய விதி. இது நடக்கும் இடம் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையம். அங்கே ஆலோசகர் இருப்பார், கட்டணம் இல்லை. நெகட்டிவ் என்று வந்தாலும் கடந்த மூன்று மாதத்துக்குள் தொற்ற வாய்ப்பு இருந்தால் மறுபடியும் பார்க்க வேண்டும்; ரேப்பிட் கிட் காட்டுவதற்கு அவ்வளவு நாள் ஆகலாம்.

முடிவை எங்களிடம் சொல்ல மறுக்கிறார்கள். நாங்கள்தானே கொண்டுவந்து சேர்த்தோம்?

எச்.ஐ.வி. விஷயத்தில் அவர்கள் செய்வது சரி. அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லச் சட்டம் விடாது. சிகிச்சைக்குத் தேவைப்படும் மற்ற மருத்துவப் பணியாளருக்குச் சொல்லலாம். மனைவிக்கோ கணவருக்கோ தொற்றும் ஆபத்து இருந்து, ஆலோசனை தந்தும் அவர் சொல்ல மறுத்தால், மருத்துவர் நேரில் தெரிவிக்க ஒரு தனி நடைமுறை உண்டு. சொன்னால் அடி உதை விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற அச்சம் இருந்தால் அதையும் செய்யக் கூடாது. குறிப்பாகப் பெண்களை நினைத்து வைத்த பாதுகாப்பு அது. சம்மதத்தைப் பிரதிநிதியே கொடுத்திருந்தால் முடிவும் அவரிடம் பேசப்படும், அவரோடு நின்றுவிட வேண்டும். வாட்ஸ்அப் குடும்பக் குழுவுக்கு அது போகக் கூடாது.

கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையில் எழுதி ஒட்டுவது, வார்டில் பெயரோடு சத்தமாகக் கூப்பிடுவது எல்லாமே இந்தச் சட்டத்துக்கு எதிரானவை. அப்படி நடந்தால் மருத்துவமனையின் புகார் அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

‘எச்.ஐ.வி. ரிப்போர்ட் இருந்தால்தான் அட்மிஷன்’ என்கிறார்கள். செய்யலாமா?

செய்யக் கூடாது. சிகிச்சை பெறுவதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதையே அந்தச் சட்டம் பாகுபாடு என்கிறது. ‘எங்கள் நர்ஸ்களின் பாதுகாப்புக்காக’ என்பார்கள். நர்ஸைக் காப்பாற்றுவது எல்லாரிடமும் போட வேண்டிய கையுறையும், ஊசியை மறுபடி மூடாமல் பெட்டியில் போடுவதும்தான். நேற்றுத் தொற்றியவருக்கு இன்றைய ரிப்போர்ட் நெகட்டிவ் என்றுதான் வரும். அதை நம்பிக் கையுறையைக் கழற்றுகிறவருக்குத்தான் ஆபத்து.

பிடிக்கும்போது என் கையைக் கடித்துவிட்டார். ரத்தம் வந்துவிட்டது. என்ன செய்ய?

சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அழுத்திப் பிழிய வேண்டாம், டெட்டாலில் ஊறவைக்க வேண்டாம். மனிதக் கடியால் எச்.ஐ.வி. வருவது மிக மிக அபூர்வம். கடித்தவர் வாயிலும் ரத்தம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். உண்மையில் கடியால் அதிகம் வருவது சாதாரணச் சீழ்தான், அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டியிருக்கலாம். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்றும் பாருங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுதும் போடாதவர் அன்றைக்கே கேட்க வேண்டும்.

நோயாளிக்குப் போட்ட ஊசி தன்மேல் குத்திவிட்ட ஊழியருக்கு வேறு கணக்கு. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். நோயாளிக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்ய அவருடைய சம்மதத்துக்காகக் காத்திருந்து மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் டோஸைப் போட்டுக்கொண்டே அவரிடம் கேட்கலாம். அவர் மறுத்தால் மாத்திரையைத் தொடர்ந்தால் ஆயிற்று.

உடம்பெல்லாம் சொறி, தலையில் பேன். இதற்காகவே தனியாகப் போட்டுவிட்டார்களே?

சிரங்கு தொட்டால் பரவும், எனவே ஓரிரு நாள் தனியாக வைப்பது நியாயம். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவி, இரவு முழுதும் விட்டு, காலையில் குளிப்பாட்டி, துணிகளைக் கொதிநீரில் போட வேண்டும். ஒரு வாரத்தில் இன்னொரு முறை. வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே நாளில் தடவ வேண்டும். மொட்டை அடிப்பது சிகிச்சை அல்ல. பேனுக்கு மருந்து இருக்கிறது. சம்மதமில்லாமல் தலைமுடியை எடுப்பது ஒருவரை அவமதிப்பது.

தெருவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களுக்கு யார் சம்மதம் தருவது?

உறவென்று யாரும் இல்லாதவருக்கும் அதே சட்டம்தான். உறவினரோ பராமரிப்பாளரோ இல்லாவிட்டால் சமூகநலத் துறையின் அலுவலர் ஒருவர் பிரதிநிதியாக வருவார். தமிழ்நாட்டில் வீடற்ற மனநோயாளிகளுக்கென்று அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் பல மாவட்டங்களில் இயங்குகின்றன. இவர்களிடம் காசநோய், ரத்தசோகை, புண்ணில் புழு எல்லாம் முதலில் பார்க்க வேண்டியவை. பெண்ணாக இருந்தால் கர்ப்பப் பரிசோதனையும். இவர்கள் பேசத் தொடங்கவே பல வாரம் ஆகலாம். ஊர் பெயரைச் சொல்வதற்கு முன்பே உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மருந்தையாவது தொடங்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆகிவிட்டோம். சில முடிவுகள் இன்னும் வரவில்லை. யாரிடம் கேட்பது?

அவசரப் பிரிவின் பெரிய ஓட்டை இதுதான். ரத்தம் எடுத்தது ஒரு ஷிஃப்ட், முடிவு வந்தது வேறொரு ஷிஃப்ட், அதற்குள் நோயாளி வீட்டில். கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: எந்தெந்த முடிவு பாக்கி, எந்த அறையில் எந்த நாள் வாங்க வேண்டும், முடிவை யாரிடம் காட்ட வேண்டும். எச்.ஐ.வி. என்றால் நோயாளியே நம்பிக்கை மையத்துக்கு வர வேண்டும். பயந்தால் கூடப் போங்கள், உள்ளே அவர் அழைத்தால் மட்டும் நுழையுங்கள். வேண்டாம் என்று முன்பு மறுத்த பரிசோதனையை அடுத்த ஓ.பி. நாளில் அவராகவே கேட்கலாம். அப்போது புதுச் சீட்டு போட்டுக்கொண்டால் போதும்.

தொலைபேசியில் கேட்க: மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416, எச்.ஐ.வி. பற்றி 1097, காசநோய்க்கு 1800-11-6666. தமிழில் பேசலாம்.